கிராமத்துக்குச் சுகாதாரத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு: முதல் ஆறு மாதம்

முதல் நாளே மைக்கைக் கையில் எடுக்காதீர்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நாலு விஷயம் படித்துவிட்டு வந்திருப்போம். அதை ஊருக்கெல்லாம் உடனே சொல்லிவிட வேண்டும் என்று மனசு துடிக்கும். கூட்டம் கூட்டி, படம் போட்டுக் காட்டி, நோட்டீஸ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடுவோம். அடுத்த மாதம் அதே தெருவில் அதே குழந்தைகளுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு வந்திருக்கும்.

ஒரு விஷயத்தைச் சொல்ல அரை மணி நேரம் போதும். சொன்னது அந்த வீட்டில் நடக்கிறதா, நடக்கவில்லை என்றால் எது தடுக்கிறது என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கத்தான் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அதனால் ஒரு ஊர், நாற்பது ஐம்பது வீடு, வாரத்துக்கு ஒரு நாளாவது, ஆறு மாதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள். அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது என்றால் தனியாக ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

ஊருக்குள் போவதற்கு முன்

முதலில் போக வேண்டிய இடம் பக்கத்திலிருக்கும் சுகாதார நிலையம். அங்கே உள்ள செவிலியரும் களப் பணியாளரும் அந்த ஊரில் வருடக்கணக்காக நடந்தவர்கள். எந்த மாதத்தில் எந்த நோய் கூடும், எந்தத் தெருவில் தடுப்பூசிக்குத் தயங்குகிறார்கள், மழை வந்தால் எந்தப் பாதை துண்டிக்கப்படும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காருங்கள். தடுப்பூசி போடும் நாள் எது, ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் கையிருப்பில் இருக்கிறதா, நாய்க்கடி ஊசி எங்கே கிடைக்கும், பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரி எது, ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வருமா, வராவிட்டால் என்ன வழி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பின்னால் உங்களை நம்பி ஒருவர் ஓடி வரும்போது, அவர் எங்கே போக வேண்டும் என்று உடனே சொல்ல உதவப்போவது இந்த ஒரு பக்கம்தான்.

அப்புறம் ஊர்ப் பெரியவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பிரசவம் பார்த்துப் பழகிய மூத்த பெண்கள், நாட்டு வைத்தியர் ஆகியோரைப் பாருங்கள். நாட்டு வைத்தியரைத் தவிர்த்துவிட்டுப் போகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. பெரிய தப்பு. காய்ச்சல் என்றதும் மக்கள் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான். 'இந்த அறிகுறி இருந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் ஐயா' என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அவரை எதிரியாக்கிக்கொண்டால் அந்த ஊரில் பாதிக் கதவு உங்களுக்குத் திறக்காது.

'மருந்து கொடுப்பீங்களா, ஊசி போடுவீங்களா?' என்று முதல் நாளே கேட்பார்கள். இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'பார்க்கலாம்' என்று இழுக்காதீர்கள். செய்ய முடியாததை ஒத்துக்கொள்வது போல ஊருக்குள் பேரைக் கெடுப்பது வேறு எதுவுமில்லை.

முதல் மாதம்: நடப்பதும் கேட்பதும்

1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை விசாரித்து, பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்புதான் காரணம் என்று காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றிய கதை பலருக்கும் தெரியும். ஆனால் தன்னார்வலர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் அதில் இருக்கிறார். ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார். மருத்துவம் படித்தவரில்லை. ஸ்னோ சொன்னதை அவர் முதலில் நம்பவும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டையும் அவருக்குத் தெரியும், வீட்டிலிருந்தவர்களுக்கும் அவரைத் தெரியும். திரும்பத் திரும்பப் போய் விசாரித்ததில், நோய்ப்பட்ட ஒரு குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தப் பம்புக்குத் தண்ணீர் தந்த கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஸ்னோவின் இடத்தில் உங்கள் பகுதிச் சுகாதாரத் துறை இருக்கிறது. நீங்கள் நிற்க வேண்டியது வைட்ஹெட் நின்ற இடத்தில்.

ஒரு பெரிய தாளில் ஊரைக் கையால் வரையுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே தேங்குகிறது, ஐந்து வயதுக்குள் குழந்தைகள் இருக்கிற வீடு எது, கர்ப்பிணிகள் யார், தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்று குறியுங்கள். தெருப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு வரைந்தால் உங்களுக்குத் தெரியாத சந்துகள் நாலு கூடுதலாகக் கிடைக்கும். கர்ப்பிணி, நோயாளி விவரங்களை மட்டும் பிள்ளைகள் முன்னால் குறிக்காதீர்கள். அதை உங்கள் சொந்த நோட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். 'தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள்?' என்று கேட்டால் எல்லா வீட்டிலும் 'ஆமாம்' என்றுதான் வரும். வந்திருப்பவர் மனசு நோகக் கூடாது என்ற நல்ல எண்ணம் அது. அதனால் நான் 'குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா' என்று மட்டும் கேட்பேன். அந்த அம்மா எழுந்து போவார். பானை சுத்தமாகத் தேய்த்திருக்கும், மேலே தட்டு போட்டு மூடியும் இருக்கும். தட்டை நகர்த்தி டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும்போது நாலு விரலும் இரண்டாம் கணு வரைக்கும் தண்ணீரில் முங்கும். அதற்குச் சற்று முன்புதான் கைக்குழந்தையைக் கழுவி விட்டிருப்பார். காய்ச்சினாரா, வடிகட்டினாரா என்பதெல்லாம் அந்த ஒரு கணத்தில் அடிபட்டுப் போகிறது. அந்த வீட்டுக்குத் தேவை தண்ணீரைப் பற்றிய பேச்சு அல்ல, நீளமான கைப்பிடி உள்ள ஒரு கரண்டி. அல்லது குழாய் வைத்த பாத்திரம். வாசலில் நின்று கேள்வித்தாள் நிரப்பியிருந்தால் இது கடைசி வரை தெரிந்திருக்காது.

முதல் மாதம் இப்படியே போகட்டும். யாருக்கும் அறிவுரை வேண்டாம். கை பரபரத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரச்சினையை எடுப்பது

ஒன்றே ஒன்றை எடுங்கள். நிறைய வீடுகளைப் பாதிப்பதாக, வீட்டிலிருக்கும் பொருளை வைத்தே தடுக்கக்கூடியதாக, சில வாரங்களில் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, கொசுவால் வரும் காய்ச்சல், தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகள் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் தேர்வு செய்ய வேண்டியது ஊர்க்காரர்கள். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை பெண்கள் குழுக்களைக் கூட்டினார். அவர் சுகாதாரப் பணியாளர் இல்லை, பாடமும் நடத்தவில்லை. பிரசவத்திலும் பிறந்த குழந்தைக்கும் என்னென்ன சிக்கல் வருகிறது, நாம் என்ன செய்யலாம் என்று அந்தப் பெண்களே பேசி முடிவெடுத்தார்கள். அவசரத்துக்குப் பணம் சேர்த்து வைத்தார்கள், தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தார்கள், சுத்தமான பிரசவத்துக்கு வேண்டிய பொருட்கள் அடங்கிய பைகளைப் பரப்பினார்கள். குழுக்கள் இல்லாத பகுதிகளில் ஆயிரம் குழந்தைகளுக்கு 37 பேர் பிறந்த முதல் மாதத்துக்குள் இறந்தார்கள். குழுக்கள் இருந்த இடத்தில் 26. அந்தப் பதினோரு குழந்தைகளை நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழகினேன்.

ஆகவே இரண்டாம் மாதத்தில் பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து, நீங்கள் பார்த்ததைச் சொல்லி, 'இதில் எதை முதலில் சரிசெய்யலாம்?' என்று கேளுங்கள். கூட்டத்தை வீட்டுவேலையும் வயல்வேலையும் முடிகிற நேரத்தில் வையுங்கள். பெண்கள் தனியாகப் பேச ஒரு முறையும், எல்லோரும் சேர்ந்து ஒரு முறையும் வைப்பது நல்லது. சேர்ந்திருக்கும் கூட்டத்தில் பெண்கள் சொல்லாமல் விட்டதுதான் பல நேரம் முக்கியமானது.

கற்றுக்கொடுப்பது: உப்பும் சர்க்கரையும் வைத்து ஒரு பாடம்

வயிற்றுப்போக்கை எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதை இதை வைத்தே விரிவாகச் சொல்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முதலில் நீங்கள் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வடிந்துபோவது. வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உப்போடு சர்க்கரையும் சேர்ந்தால் சர்க்கரை உப்பை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் இந்தியப் பகுதியில் பன்காவ் என்ற ஊரில் இருந்த அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலிப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கரைசலைக் கையில் வைத்துக் கொடுத்தவர்கள் அம்மாக்களும் அண்ணன்களும் என்பதைக் கவனியுங்கள்.

கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் போட வேண்டும். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று பிரிக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு வீட்டுக் கரைசல். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அதனால் கொடுப்பதற்கு முன்னால் ருசி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணீரை விடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கலந்தது இருபத்துநாலு மணி நேரம்தான். மிச்சத்தை எறிந்துவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை வயிறு போனதும், இரண்டு வயதுக்குள் இருந்தால் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், அதற்கு மேல் இருந்தால் அரையிலிருந்து ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுக்க வேண்டும். பல அம்மாக்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் அவர்கள் சொன்ன பத்திலிருந்து பதினாலு நாளும் முழுதாகக் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. போகிற வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

இவ்வளவையும் நீங்கள் கடகடவென்று ஒப்பித்தால் ஒன்றும் நிற்காது. அவர்கள் வீட்டு ஸ்பூனை எடுத்து வரச் சொல்லுங்கள். ஸ்பூன் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு லிட்டர் என்பது அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில் எதுவரைக்கும் என்று ஊற்றிக் காட்டி, வெளியே ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகு உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 'நான் சரியா சொல்லிக்கொடுத்தேனான்னு எனக்குத் தெரியணும். நீங்க ஒரு தடவை கலந்து காட்டுங்கம்மா' என்று கேளுங்கள். பரீட்சை அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஸ்பூனில் சர்க்கரை குவிந்திருந்தால் திட்டாதீர்கள், கத்தியின் முதுகாலோ விரலாலோ தலைதட்டிக் காட்டுங்கள்.

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை இதைத்தான் செய்தது. பெண் பணியாளர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்குப் போய், அம்மாக்களை அவர்கள் கையாலேயே கலக்க வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதைப் பார்த்து அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போய், அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் சம்பளம். ஆரம்பத்தில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. அம்மாக்களுக்குக் கலக்கத் தெரிந்திருந்தது, ஆனால் வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தபோது நிறையப் பேர் கொடுக்கவில்லை. விசாரித்தால், கற்றுக்கொடுத்த பணியாளர்களே தங்களுக்கு வந்தபோது அதைக் குடிக்கவில்லை, அதன்மேல் அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. அதன் பிறகு பணியாளர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிய வைத்தார்கள். வீட்டு ஆண்களையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நீங்கள் சொல்லப்போவதை முதலில் உங்கள் வீட்டில் செய்யுங்கள். கரைசலைக் குடித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தொட்டியை முதலில் தேயுங்கள்.

பிராக் செய்தது போலவே, கற்றுக்கொடுத்த முதல் வருகைக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாம் வருகையை நாட்காட்டியில் அன்றே குறித்துவிடுங்கள். இரண்டாம் தடவை போனால் பாடத்தைத் திரும்ப நடத்தாதீர்கள். 'போன மாசம் யாருக்காவது வயிறு போச்சா? என்ன செஞ்சீங்க?' என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

கொசுவைக் கண்ணால் காட்டுவது

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். சாக்கடையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கிற ஊரில் இதைச் சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். சொல்லவே வேண்டாம், காட்டுங்கள்.

ஒருமுறை ஒரு வீட்டின் பின்பக்கம், மூடி சரியாக உட்காராத ஒரு டிரம். வீட்டுக்காரர் 'இது துணி துவைக்கிற தண்ணி, சுத்தமா இருக்கு பாருங்க' என்றார். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அவர் பையனிடம் டார்ச்சைக் கொடுத்துச் சாய்வாக அடிக்கச் சொன்னேன். வெளிச்சம் பட்டதும் மேலே இருந்த நூல் நூலான புழுக்கள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. பையன் டார்ச்சை எடுக்கவே இல்லை. நாலைந்து புழுவை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, மேலே வலைத்துணியைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கி, பள்ளிக்கூட ஜன்னலில் வைத்தோம். புழு காற்புள்ளி மாதிரி சுருண்டு கூட்டுப்புழு ஆனது. அந்த வாரத்துக்குள் வலைத்துணிக்குக் கீழே கறுப்பு வெள்ளைப் பட்டைக் காலோடு கொசு உட்கார்ந்திருந்தது. அதை அடித்துப் போட்டுவிட்டு டம்ளரைக் கழுவினோம். அந்தப் பிள்ளைகள் அன்று சாயங்காலம் தங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த வாரம் ஆறு டிரம்களுக்குத் துணி கட்டியிருந்தது.

முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை காலி செய்யச் சொல்கிறோம். காரணத்தோடு சொன்னால் கிழமை மறக்காது. தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது, பாத்திரத்தின் உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம், குளிர்பெட்டியின் பின்பக்கத் தட்டு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தவர் வீட்டில் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று நிம்மதியாகிற அந்த ஒன்றிரண்டு நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கடும் சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சில மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

பயத்தோடு பேசுவது

தடுப்பூசிக்குத் தயங்குகிறவர்களை 'படிக்காதவர்கள்', 'மூடநம்பிக்கை' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், மனசிலும் நினைக்காதீர்கள். பெரியம்மையை இயற்கையாகப் பெற்ற உலகின் கடைசி மனிதர் அலி மாவ் மாலின், சோமாலியாவின் மெர்கா நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சமையல்காரராக இருந்தவர். 1977-ல் அவருக்கு நோய் வந்தது. தடுப்பூசி எளிதாகக் கிடைக்கிற இடத்தில் வேலை செய்தும், ஊசி வலிக்கும் என்று பயந்து போடாமல் விட்டிருந்தார். பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்பில் உழைத்தார். தயங்குகிற அம்மாக்களிடம் தன் கதையையே சொல்லி, நானும் பயந்தவன்தான் என்று பேசினார். 2013-ல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியாவால் இறந்தார். அவருடைய முறையை விடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை. ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கும் ஓர் அம்மாவை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேச்சை அவர் பார்த்துக்கொள்வார்.

முதலில் 'என்ன கேள்விப்பட்டீங்க?' என்று கேளுங்கள். முழுதாகச் சொல்லி முடிக்க விடுங்கள். பல நேரம் உள்ளே இருப்பது ஒரு பழைய கசப்பு. யாரோ ஒருவர் சிடுசிடுத்தது, ஊசி போட்ட ராத்திரி குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அதனால் தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வீக்கமும் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தால், வந்ததும் நம்பிக்கை போய்விடும். வதந்தியைக் கூட்டத்தில் எடுத்து மறுப்பதும் வேண்டாம், கேள்விப்படாதவர்களுக்கும் அது போய்ச் சேரும். யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே போய்ப் பேசுங்கள்.

உங்கள் எல்லை

நீங்கள் மருத்துவர் இல்லை. மாத்திரையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள், ரிப்போர்ட்டைப் பார்த்து விளக்கம் சொல்லாதீர்கள். ஆனால் முதல் நிமிடங்களில் செய்ய வேண்டியதைத் தெரிந்து வைத்திருங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்கு அனுப்ப வேண்டும். பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை.

ரகசியம் காப்பது பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் ஒரு வீட்டுக்கு அடிக்கடி போவதே ஒரு செய்தி. காசநோய் சிகிச்சையில் இருப்பவர் வீட்டு வாசலில் நின்று 'மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?' என்று சத்தமாகக் கேட்ட ஒரு தன்னார்வலரை எனக்குத் தெரியும். அவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அந்த மாதம் முழுக்க அந்த வீட்டுப் பெண்ணுடன் யாரும் சேர்ந்து தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அதிலிருந்து, எந்த வீட்டுக்குப் போனாலும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் போய்விட்டு வருவதை எங்கள் குழுவில் வழக்கமாக்கினோம். உடல்நிலையைப் பற்றி வாசலில் பேச்சே கிடையாது. முகம் தெரியும் போட்டோ கேட்காமல் எடுப்பதும் கிடையாது.

நோட்டு

எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதிப் பயனில்லை. வீட்டில் என்ன மாறியது என்று எழுதுங்கள். நாற்பது வீட்டில் எத்தனை வீட்டில் கை முங்காமல் தண்ணீர் மொள்கிறார்கள், எத்தனை டிரம்மில் புழு இல்லை, எத்தனை அம்மாக்கள் கரைசலைச் சரியாகக் கலந்து காட்டினார்கள் என்று முதல் மாதம் ஒரு கணக்கு, மூன்றாம் மாதம் ஒரு கணக்கு, ஆறாம் மாதம் ஒரு கணக்கு. வீடுகளுக்கு எண் போட்டு எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

நோயே இல்லாத வாரத்திலும் 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். நரம்புச்சிலந்தி (கினிப் புழு) நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அசுத்தத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் ஒரு புழு, பிறகு தோலைத் துளைத்து வெளியே வரும் நோய் அது. 1986-ல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. குடிநீரைத் துணியால் வடிகட்டுவது, புழு வெளியே வருகிறவர் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது ஆகிய இரண்டையும் ஊர் ஊராகச் சொல்லி, கூடவே கண்காணித்துத் தகவல் அனுப்பியவர்கள் கிராமத்துத் தன்னார்வலர்கள். 2023-ல் உலகம் முழுக்கவே 14 பேருக்குத்தான் வந்தது. நோயாளி யாரும் இல்லாத மாதத்திலும் 'இல்லை' என்ற தகவல் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. தகவல் வராவிட்டால் நோய் இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஒரே வாரத்தில் ஒரே தெருவில் மூன்று நான்கு பேருக்கு ஒரே மாதிரி நோய் வந்தால், நோட்டில் எழுதுவதோடு நிற்காமல் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கைமாற்றிக் கொடுப்பது

நான்காம் மாதத்திலிருந்தே அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தேடுங்கள். படிப்பைப் பார்க்காதீர்கள். மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் 1970-ல் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற மருத்துவத் தம்பதி தொடங்கிய திட்டத்தில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்ற பெண்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஊர் நம்புகிறவர்கள், பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள். உங்கள் முதல் மாத நடையில் எல்லோரும் 'அவங்களைக் கேளுங்க' என்று யாரைக் கைகாட்டினார்களோ, அவராகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

நான்காம் மாதம் அவர் உங்களோடு வரட்டும். ஐந்தாம் மாதம் அவர் பேசட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். தப்பாக ஏதாவது சொன்னால் அந்த வீட்டில் வைத்துத் திருத்தாதீர்கள், தெருமுனைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். ஆபத்தான தப்பாக இருந்தால் மட்டும் அங்கேயே, மரியாதையாகத் திருத்திவிடுங்கள். ஆறாம் மாதம் சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துப் போய்ச் செவிலியரிடம் நேரில் அறிமுகப்படுத்துங்கள். இனிமேல் தகவல் அவரிடமிருந்து வரும் என்று இரண்டு பேர் முன்னாலும் சொல்லுங்கள். ஊர் வரைபடத்தையும், வீட்டு எண் மட்டும் உள்ள நோட்டையும், முதல் நாள் எழுதிய அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தின் ஒரு பிரதியையும், டார்ச்சையும் கொடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகள், நோயாளிகள் பற்றிய உங்கள் சொந்த நோட்டு இதில் சேராது. ஒவ்வொருவரிடமும் அவரை நேரில் அழைத்துப் போய், அவர்கள் சம்மதித்தால் மட்டும் அந்த விவரத்தைச் சொல்லுங்கள். டார்ச்சில் புது பேட்டரி போட்டுக் கொடுங்கள்.